மைனஸ் தசரதன்

பீர்க்கன்கரணை ஏரிக்குத் திரும்புகிற இடத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தாற்போல ஒரு தகரக் கொட்டகை. ஆட்டோ எலக்ட்ரீஷியன் தசரதன் கொட்டகை எது என்று கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள். மைனஸ் தசரதன் என்று கேட்டால் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற டாக்சிக்காரர்கூட வழி சொல்லிவிடுவார். ஹாரன் கேட்கவில்லை, வைப்பர் ஓடவில்லை என்று எதற்காக வண்டி வந்தாலும் சரி, தசரதன் முதலில் பானெட்டைத் தூக்கி பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுவான். கழற்றிய முனையில் துணியைச் சுற்றி ஓரமாக ஒதுக்கி வைப்பான். அதற்கப்புறம்தான் வந்தவர் முகத்தைப் பார்த்து, "சொல்லு, இன்னா கம்ப்ளைண்டு?" என்பான்.

அதோடு விடமாட்டான். கியரை நியூட்ரலில் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல்லை முட்டுக் கொடுப்பான். கொட்டகை மூலைகளில் மணல் வாளிகள் நிற்கும். பீடி பிடிக்க வேண்டும் என்பவன் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்ப் பிடிக்க வேண்டும்.

"நான் அடுப்பு பத்த வெக்கணும்னாகூட இந்த ஆளு வூட்ல இல்லாத நேரமா பாத்துத்தான் வெக்கணும்" என்று அவன் மனைவி கங்கையம்மாள் குழாயடியில் சொல்வாள். கூட்டமே சிரிக்கும். தசரதனுக்கு அதில் வருத்தமில்லை. சிரிக்கிறவர்கள் யாரும் அந்த வேனைப் பார்த்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில், வண்டலூர் தாண்டி ரோட்டோரமாக அந்த வேன் எரிந்தது. ஆட்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த தசரதன் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி நின்று பார்த்தான். நெருப்பு அவனை அவ்வளவு பயமுறுத்தவில்லை. உள்ளே ஒயர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஆளில்லாத அந்த வேன் தானாக ஹாரன் அடிக்கத் தொடங்கியது. நிற்காமல் அடித்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் கம்மி, முனகி, அடங்கியது. கூட்டத்தில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்று முதல் தூக்கத்தில் எங்கேயாவது ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தால் தசரதன் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

இப்படிப்பட்டவனிடம்தான் யூனிஸ் டீச்சரின் அம்பாசிடர் வந்து சேர்ந்தது.

கிழக்குத் தாம்பரத்தில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர் யூனிஸ். மாடிப்படியில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். வேலூரில் ஆபரேஷன் செய்து, இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். அவ்வப்போது கொண்டுபோய்க் காட்ட வேண்டும். முதல் தடவை போனபோது வெயிலில் கட்டுக்குள்ளே தோல் வெந்து, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் மயங்கிவிட்டார். பயந்துபோன அவர் கணவர் சுந்தர்சிங், அந்தப் பழைய அம்பாசிடருக்கு ஏ.சி. வைத்தார். டவுனில் யாரோ ஒருவன் அவசர அவசரமாக மாட்டிக் கொடுத்தான்.

மாட்டிய நாளிலிருந்து தொல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று ஃபியூஸ் போய்விடும். வண்டியை ஓட்டிய சிட்டிபாபு இரண்டு முறை கொட்டகைக்குக் கொண்டுவந்தான். மூன்றாவது முறை வந்தபோது தசரதன் பானெட்டைத் திறந்து, மைனஸைக் கழற்றி, ஏ.சி.யின் ஃபியூஸை எடுத்துப் பார்த்தான். விரல் நீளங்கூட இல்லாத கண்ணாடிக் குழாய் ஃபியூஸ். உள்ளே கம்பி அறுந்துபோயிருந்தது. வெளியே சிகரெட் பாக்கெட்டின் வெள்ளிக் காகிதம் சுற்றியிருந்தது.

தசரதன் அதை சிட்டிபாபு முன்னால் நீட்டினான். "இத்த யாரு சுத்துனது?"

"நாந்தாண்ணா" என்றான் சிட்டிபாபு. "ஊருக்குள்ள ஜோரா ஓடுது. அப்பால மெயின் ரோடு போனா புட்டுக்குது. டீச்சரம்மா வேர்த்து வேர்த்து... பாக்க சகிக்கல. அதான்."

"ஃபியூஸு எதுக்குய்யா கீது? எங்கனா ஒயரு பாடியில பட்டுச்சுன்னா அது மொதல்ல எரிஞ்சி கரெண்ட்ட நிறுத்தும். நீ இத்த சுத்திட்டா அது எரியாது. ஒயரு எரியும். பக்கத்துல பெட்ரோல் பைப்பு. பின்னாடி சீட்ல அந்தம்மா. அவுங்கள எப்பிடி எறக்குவ?"

சிட்டிபாபு பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான். டீச்சரை ஏற்றி இறக்குவது அவனுக்குத்தான் தெரியும். பின்கதவைத் திறந்து, சீட்டின்மேல் ஒரு பலகையைச் சொருகி, ஒருவர் தோளையும் ஒருவர் காலையும் பிடித்து, அவரை அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவ்வளவு நேரம் ஆகும்.

அன்று முழுக்க தசரதன் அந்த வண்டியோடு கிடந்தான். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன பல்பை இணைத்தான். ஏ.சி.க்குப் போகிற இணைப்புகளை எல்லாம் பிடுங்கிவிட்டான். இந்த நிலையில் பல்பு எரியக் கூடாது. எரிந்தால் வழியில் எங்கோ ஒயர் தோலுரிந்து வண்டியின் இரும்பைத் தொடுகிறது என்று அர்த்தம். வெயிலில் பல்பின் வெளிச்சம் தெரியாமல் போய்விடுமோ என்று தலையில் கோணியைப் போர்த்திக்கொண்டு பார்த்தான். ஒயரை ஆட்டினான், இழுத்தான், தட்டினான். இன்ஜினைச் சூடேற விட்டும் பார்த்தான். பல்பு எரியவே இல்லை.

கோணிக்குள்ளிருந்து தலையை எடுத்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. பல்பு எரிந்திருந்தால் அவன் சந்தோஷப்பட்டிருப்பான். இருக்கிற கோளாறு தன்னைக் காட்டிக்கொள்ளாமல் ஒளிந்திருந்தது. புது ஃபியூஸ் ஒன்றைப் போட்டு வண்டியை ஒப்படைத்தான். "கண்டுபுடிக்க முடியல. ஏ.சி. போடாதீங்க" என்று சுந்தர்சிங்கிடம் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை, வேலூருக்குப் புறப்பட்ட அம்பாசிடர் கொட்டகை முன்னால் வந்து நின்றது. பின்சீட்டில் யூனிஸ் டீச்சர் நீட்டிப் படுத்திருந்தார். காலை வெயிலிலேயே முகம் ஈரமாக இருந்தது. கத்திரி வெயில் தொடங்கிவிட்ட நேரம்.

"தசரதன், இங்க வாங்க" என்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "ஏ.சி. போடக்கூடாதுன்னு சொன்னீங்களாமே?"

"ஆமா டீச்சர்."

"போன தடவை எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

"கட்டுக்குள்ள புண்ணு. இன்னொரு தடவை அந்த மாதிரி வெந்துச்சுன்னா காலையே எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொல்லிட்டார். இப்ப நீங்க சொல்லுங்க, நான் இந்த ரெண்டுல எதுக்குப் பயப்படணும்?"

சுந்தர்சிங் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "யூனிஸ், அவர் என்ன பண்ணுவார் பாவம்" என்றார்.

"பாவம்தான். ஊர்ல எல்லாரும் சொல்றாங்களே, இவர் பயப்படறதுல நம்பர் ஒன்னாம். எனக்கும் சேர்த்துக் கொஞ்சம் பயப்படட்டும்னுதான் கேக்கறேன்."

அவர் சிரிக்க முயன்றார். சிரிப்பு பாதியில் நின்றது. காலை அசைக்க முடியாமல் இடுப்பை லேசாகத் திருப்பியதை தசரதன் பார்த்தான். அந்தக் கால் கதவு வரைக்கும் நீண்டு, வெள்ளைத் தூண் மாதிரி கிடந்தது.

அவன் வாயிலிருந்து வந்த வார்த்தையை அவனே எதிர்பார்க்கவில்லை. "நானும் கூட வர்றேன் டீச்சர். ஏ.சி. போடுங்க. எதுனா ஆனா நிறுத்திடலாம்."

பல்பையே மறுபடி எடுத்தான். இந்த முறை ஃபியூஸைக் கழற்றாமல் அதன் இரண்டு முனையிலும் இரண்டு நீள ஒயர்களைக் கவ்வவைத்து, பானெட்டின் இடுக்கு வழியாக ஜன்னலுக்குள் கொண்டுவந்து பல்பில் முடித்தான். ஃபியூஸ் நன்றாக இருக்கிறவரை பல்பு இருட்டாக இருக்கும். ஃபியூஸ் போன நொடியில் எரியும். பிறகு கருவிப் பையை எடுக்கவும், கங்கையம்மாளிடம் சொல்லவும் வீட்டுக்கு நடந்தான்.

"வேலூருக்கா? நீயா? காருலயா?" என்று வாயைப் பிளந்தாள் அவள். "சாமி படத்துக்கு முன்னால நின்னுட்டுப் போ." போகும்போது அவன் சட்டைப் பையில் விபூதிப் பொட்டலத்தைத் திணித்தாள்.

திரும்பி வந்தபோது சிட்டிபாபு பானெட்டை மூடிக்கொண்டிருந்தான். "ரேடியேட்டர்ல தண்ணி பாத்தேண்ணா" என்றான்.

அம்பாசிடரின் முன்சீட்டு ஒரே நீளப் பலகை மாதிரி. சிட்டிபாபு ஸ்டியரிங் முன்னால், சுந்தர்சிங் ஜன்னலோரம், நடுவில் தசரதன். முழங்காலுக்கு நேரே ஏ.சி. பெட்டி குளிர்ந்த காற்றை ஊதியது. மடியில் பல்பு. முடிச்சூர் ரோட்டில் மணல் லாரிகளுக்குப் பின்னால் வண்டி ஊர்ந்தது. குழி, மேடு, சைக்கிள், மாட்டுவண்டி. ஒவ்வொரு குழிக்கும் தசரதன் பல்பைப் பார்த்தான். அது இருட்டாகவே இருந்தது.

மனசுக்குள் அவன் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக்கொண்டிருந்தான். கதவு. பானெட். மைனஸ். கழற்றச் சிரமப்படக் கூடாது என்று அந்த நட்டை விரலால் திருகும் அளவுக்கே முடுக்கியிருந்தான். கதவு, பானெட், மைனஸ். ஆனால் தன் பக்கத்தில் கதவு இல்லை, நடுவில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது படப்பை நெருங்கும்போதுதான் உறைத்தது.

"சார், நான் ஓரமா குந்திக்கறேன். நீங்க நடுவுல வாங்க."

"எதுக்குப்பா? காத்து நல்லா வருதே?"

"எறங்குங்க சார், கால்ல விழறேன்."

பின்சீட்டிலிருந்து டீச்சர் சிரித்தார். "மாறிக்கோங்க. நம்ம பயத்துக்கு ஜன்னல் சீட்டு வேணுமாம்."

வண்டியை நிறுத்தி இடம் மாறினார்கள். டீச்சரின் முகத்தில் ஈரம் காய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் தசரதனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒருவேளை ஒன்றுமே ஆகாதோ என்றுகூட நினைத்தான்.

படப்பை தாண்டியதும் ரோடு திறந்துகொண்டது. இரண்டு பக்கமும் புளியமரம், எதிரே வண்டியே இல்லை. சிட்டிபாபு விசிலடித்துக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த கியர் கம்பை இழுத்துப் போட்டு வேகமெடுத்தான்.

தசரதனுக்கு முதலில் எட்டியது வாசனை. சுட்ட ரப்பர் வாசனை. பல்பைப் பார்த்தான். இருட்டு. வெளியே யாராவது டயர் கொளுத்துகிறார்களோ என்று ஜன்னலைப் பார்த்தான். வெறும் வயல். மறுபடி பல்பு. இருட்டு. அது எரியாதவரை ஆபத்தில்லை என்று அவனுக்கு அவனே சொல்லிக்கொண்டான். மூக்கு நம்பவில்லை.

"ஏதோ கருகற மாதிரி..." என்று பின்னாலிருந்து டீச்சர் சொல்லி முடிக்கவில்லை. ஹாரன் அடித்தது.

சிட்டிபாபு இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து பாம்பைத் தொட்டவன்போல எடுத்தான். யாரும் தொடாமலே ஹாரன் அடித்தது. நிற்காமல் அடித்தது. டேஷ்போர்டின் அடியிலிருந்து வெள்ளைப் புகை நூல் மாதிரி கிளம்பி, கயிறாகத் தடித்தது.

"நிறுத்துடா! நிறுத்துடா!"

இன்ஜின் அணைந்து வண்டி மண்ணில் சறுக்கி நிற்பதற்குள் தசரதன் கதவைத் திறந்துவிட்டான். கால் தரையைத் தொட்டதும் ஓடச் சொன்னது. வயலைப் பார்த்து, புளியமரங்களைத் தாண்டி, அந்தச் சத்தம் கேட்காத தூரத்துக்கு ஓடச் சொன்னது. ஆனால் அவன் கைகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. எத்தனையோ வருஷமாக எல்லோரும் சிரிக்கச் சிரிக்கச் செய்த வேலையை அவை செய்துகொண்டிருந்தன. பானெட்டைத் தூக்கின. புகைக்குள் நுழைந்தன. விரல் சுட்டது. நட்டை ஒரு திருகு. மைனஸ் கழன்றது.

ஹாரன் பட்டென்று நின்றது.

ரோட்டில் ஒரு சத்தமும் இல்லை. வண்டிக்குள் சுந்தர்சிங், "கர்த்தாவே, கர்த்தாவே" என்று சொல்வது மட்டும் கேட்டது. சிட்டிபாபு பின்கதவைத் திறந்து பலகையோடு போராடிக்கொண்டிருந்தான். தசரதன் ஓடிப்போய்க் கைகொடுத்தான். டீச்சரை இறக்கி, புளியமர நிழலில் ஜமுக்காளத்தை விரித்துப் படுக்க வைப்பதற்குள் புகை தானாக அடங்கிவிட்டது. இறக்கி முடிக்க எவ்வளவு நேரமாயிற்று என்பதை மூன்று ஆண்களும் கவனித்தார்கள்.

தசரதன் திரும்பிப் போய் ஃபியூஸைக் கழற்றினான். அதன்மேல் வெள்ளிக் காகிதம், இந்தத் தடவை பல மடிப்பாக. கருகி ஒட்டியிருந்தது. ஃபியூஸ் போன பிறகும் கரெண்ட் அந்தக் காகிதம் வழியாகவே ஓடியிருக்கிறது; அதனால்தான் பல்பு எரியவில்லை.

அவன் அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

சிட்டிபாபு அப்படியே தரையில் குந்திவிட்டான். "டீச்சரம்மா மறுபடியும் மயக்கம் போட்டுட்டா இன்னா பண்றதுன்னுதாண்ணா... நடுவழியில ஃபியூஸு போச்சுன்னா... நீதான் கூட வர்றியேன்னு ஒரு தகிரியம்..." சொல்லிக்கொண்டே அழுதான். "நான் ஒரு கழுதைண்ணா."

"கழுதை இந்த வேலை செய்யாது" என்று மரத்தடியிலிருந்து டீச்சர் சொன்னார். "அதுக்கு சிகரெட் பழக்கம் கிடையாது."

இனி ஏ.சி. வேண்டாம், இப்படியே தாம்பரம் திரும்பிவிடலாம் என்றார் சுந்தர்சிங். திரும்பினாலும் வெயில்தான், போனாலும் வெயில்தான். டீச்சரின் நெற்றியில் மறுபடி முத்து முத்தாக வேர்த்தது. தசரதன் கருவிப் பையைத் திறந்தான்.

ஸ்டியரிங் தண்டின் அடியில் ஏ.சி. ஒயரும் ஹாரன் ஒயரும் ஒன்றாக உருகிக் கிடந்தன. இரண்டையும் பிரித்தான். ஆனால் முதலில் எங்கே பட்டது? வண்டியை நியூட்ரலில் தள்ளி, ரோட்டோரத்துக் கற்களை முட்டுக் கொடுத்து, ஏ.சி. இணைப்புகளைப் பிடுங்கி, ஃபியூஸின் இடத்தில் பல்பை வைத்து, மைனஸை மாட்டினான். பல்பு எரியவில்லை. நேற்று மாதிரியே. இத்தனைக்குப் பிறகும் அது ஒளிந்துகொண்டுதான் இருக்கிறது.

"சிட்டி, ஏறி உக்காரு. வாசனை வந்தப்ப நீ இன்னா பண்ண? இஞ்சின் போடாத. சும்மா செஞ்சி காட்டு."

"இன்னா பண்ணேன்... ஆக்ஸிலேட்டர அமுக்குனேன். விசிலடிச்சேன்."

"விசில வுடு. அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி டாப்புல போட்டேன். இப்பிடி."

கியர் கம்பை இழுத்தான். தசரதனின் கையிலிருந்த பல்பு பளிச்சென்று எரிந்தது.

"நியூட்ரல்ல போடு." அணைந்தது. "டாப்பு." எரிந்தது.

குனிந்து பார்த்தான். ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்து கீழே இறங்குகிறது கியர் கம்பி. அதன் அடியில் ஒரு சின்ன இரும்புக் கை. கடைசி கியரான டாப் கியரில் மட்டும் அது திரும்பி வந்து, டேப் போட்டுக் கட்டியிருந்த ஏ.சி. ஒயரின்மேல் உட்காருகிறது. அந்த இடத்தில் ஒயரின் தோல் வெட்டுப்பட்டு, செம்பு மினுங்கியது. ஊருக்குள் யார் டாப் கியர் போடப் போகிறார்கள்? அதனால்தான் ஊருக்குள் ஜோராக ஓடியது.

தசரதன் அப்படியே உட்கார்ந்திருந்தான். கொட்டகையில் ஒரு முழு நாள். இன்ஜினைச் சூடேற்றினான், ஒயரை ஆட்டினான், கோணியைப் போர்த்திக்கொண்டான். எல்லாம் செய்தான். கியரை மட்டும் தொடவில்லை. நியூட்ரலில் தள்ளி, நாலாபுறமும் கல் வைத்து, தன் பயத்துக்கு ஏற்றாற்போல வண்டியை அசையாமல் கட்டிப் போட்டிருந்தான். கட்டிப் போட்டதால்தான் அது தெரியாமல் போயிற்று.

வெந்த ஒயரை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயரை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோனான். இரும்பை உரசுகிற இடங்களில் ரப்பர் குழாய்த் துண்டுகளைக் கோத்தான். ஹாரன் ஒயருக்குத் தனியாக டேப் சுற்றினான். எல்லா கியரையும் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னான். பல்பு எரியவில்லை. ஏ.சி. இணைப்புகளைத் திரும்பக் கொடுத்து, புது ஃபியூஸை மாட்டி, அதன் முனைகளில் பல்பின் நீள ஒயர்களை மறுபடி கவ்வவைத்தான்.

டீச்சரை ஏற்றிக்கொண்டிருந்தபோது தாம்பரம் போகிற பஸ் ஒன்று எதிரே வந்தது. கண்டக்டர் கையைக் காட்டி, "தாம்பரமா?" என்று கேட்டார். தசரதன் அந்தப் பஸ்ஸைப் பார்த்தான். ஜன்னல் ஜன்னலாக ஆட்கள், திறந்த படிக்கட்டு, அரைமணியோ முக்கால் மணியோ கழித்து வீடு. அவன் வேலை முடிந்துவிட்டது. போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

டீச்சர் கூப்பிடவில்லை. பலகையின்மேல் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் கிடந்தபடி அவனையே பார்த்தார். சிரிக்கவில்லை.

பஸ் போய்விட்டது.

தசரதன் சிட்டிபாபுவிடம் கையை நீட்டினான். சிட்டிபாபு புரிந்துகொண்டு சட்டைப் பையிலிருந்த சிகரெட் பாக்கெட்டைக் கொடுத்தான். தசரதன் வெள்ளிக் காகிதத்தை உருவியெடுத்து, வாய்க்காலில் கிழித்துப் போட்டுவிட்டு, பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு ஜன்னலோரமாக ஏறி, பல்பை மடியில் வைத்துக்கொண்டான். சுட்ட விரலில் விபூதியைத் தடவினான்.

வண்டி கிளம்பியது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. ரோடு காலியாக இருந்தது. இன்ஜின் உறுமியது, சிட்டிபாபு கியரை மாற்றவில்லை.

"அண்ணா..."

"இன்னா?"

"டாப்புல போடட்டா?"

தசரதன் திரும்பிப் பார்த்தான். குளிர்ந்த காற்றில் டீச்சர் கண்ணை மூடியிருந்தார். ஒரு கை மாவுக்கட்டின்மேல் கிடந்தது. அந்தக் கால் கதவு வரைக்கும் நீண்டிருந்தது.

பல்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"போடு" என்றான்.